ஓடிக்கொண்டிருக்கும்போதே உறையும் கார்புரேட்டர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு நவம்பர் காலை என்று வைத்துக்கொள்வோம். இரவெல்லாம் தூறி ஓய்ந்திருக்கிறது. அறுத்த மக்காச்சோளத் தட்டைகளின் மேல் மூடுபனி இன்னும் கலையவில்லை. வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ். ஒரு விவசாயி தன் தாத்தா வாங்கிய ஃபோர்டு 8என் பெட்ரோல் டிராக்டரைக் கிளப்புகிறார். மறுபேச்சில்லாமல் பற்றிக்கொள்கிறது. பின்னால் சின்ன டிரெய்லர் ஒன்றை மாட்டிக்கொண்டு, வேலியோரமாக விறகு ஏற்றப் போகிறார்.

கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அப்புறம் எஞ்சின் இருமுகிறது. வேகம் இறங்குகிறது, ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது, கடைசியில் நின்றே போகிறது. செல்ஃப் போட்டால் சுற்றுகிறதே தவிர பற்றவில்லை. இறங்கி வந்து டேங்க்கைப் பார்க்கிறார், பெட்ரோல் இருக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார், ஸ்பார்க் வருகிறது. இந்தச் சோதனையெல்லாம் முடிந்து பத்து நிமிடம் கழித்துச் செல்ஃப் போட்டால், ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் ஓடுகிறது. இன்னொரு இருபது நிமிடம் கழித்து அதே கதை.

பழுது எங்கே என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் தேடுகிற நேரத்துக்குள் அது உருகிப்போயிருக்கும். இதைத்தான் கார்புரேட்டர் ஐசிங் என்கிறார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்தான் கார்புரேட்டர். காற்றில் இருக்கும் ஈரம் கார்புரேட்டரின் உள்ளே பனிக்கட்டியாகப் படிந்து, எஞ்சின் மூச்சு விடும் வழியை அடைத்துவிடுகிறது.

வெளியே 4 டிகிரிதான் என்றாலும் அது உறைநிலைக்கு மேலே. பக்கத்திலேயே எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க உள்ளே பனி எப்படி வந்தது? இதைப் புரிந்துகொள்ள ஒரு கேஸ் சிலிண்டர் போதும்.

கல்யாண வீட்டுச் சமையல் நடக்கும் இடத்தில், பெரிய அடுப்பில் மாட்டிய சிலிண்டரின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றிலும் அனல் பறந்தாலும் சிலிண்டர் சில்லென்று இருக்கும், வெளியே முத்து முத்தாக வியர்த்திருக்கும். நெருப்பை முழுசாக வைத்து வெகுநேரம் எரித்தால் வெள்ளையாகப் பனியே பூக்கும். உள்ளே இருக்கும் திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டரின் இரும்பிடமிருந்தும் தன்னிடமிருந்துமே எடுத்துக்கொள்கிறது. கேஸ் சரியாக வரவில்லை என்றால் சமையல்காரர்கள் சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவார்கள், அது இந்த வெப்பக் கடனை அடைக்கத்தான். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான்.

கார்புரேட்டரில் நடப்பதும் அதுதான், என்ன, அங்கே எல்லாமே ஒரு விரல்கட்டை அளவு இடத்துக்குள் நடக்கிறது.

கார்புரேட்டருக்குள் என்ன இருக்கிறது

காற்று ஒரு குழாய் வழியாக உள்ளே வருகிறது. குழாயின் நடுவே இடுப்புபோல ஒரு குறுகல் இருக்கிறது. அதற்கு வென்ச்சுரி என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குறுகிய குழாயில் நீர் பாயும் விதத்தை ஆராய்ந்து எழுதிய இத்தாலிய அறிஞர் ஜியோவானி பாட்டிஸ்டா வென்ச்சுரியின் பெயர்தான் அது. குறுகலில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும். அந்த இடத்தில் ஒரு மெல்லிய குழல் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல், குறைந்த அழுத்தத்தால் உறிஞ்சப்பட்டு அந்தக் குழல் வழியே துளித்துளியாகத் தெறித்துக் காற்றோடு கலக்கும். அதைத் தாண்டினால் த்ராட்டில் தகடு. எட்டணா அகலத்தில் வட்டமான ஒரு பித்தளைத் தகடு நடுவில் அச்சோடு திரும்பும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். படுத்தால் வழி அடைபடும், நிமிர்ந்தால் வழி திறக்கும். எஞ்சின் எவ்வளவு மூச்சு வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்தத் தகடுதான்.

பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் எஞ்சினின் பக்கவாட்டில் கீழே தொங்கும். காற்று கீழிருந்து மேலே போகும். ஃபோர்டு 8என்னில் இருந்த மார்வெல்-ஷெப்லர் கார்புரேட்டர் அந்த வகை. சோக்கை அதிகமாக இழுத்து பெட்ரோல் வழிந்தாலும் எஞ்சினுக்குள் போகாமல் தரையில் சொட்டிவிடும் என்பது இதில் ஒரு வசதி. இந்த அமைப்பில் த்ராட்டில் தகடு பெட்ரோல் குழலுக்கு மேலே இருக்கிறது. ஆகவே அப்போதுதான் ஆவியாகத் தொடங்கிய குளிர்ந்த கலவை நேராகப் போய் மோதுவது அந்தத் தகட்டில்தான்.

எவ்வளவு குளிரும்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், கடினமில்லை. 1 கிலோ பெட்ரோல் முழுக்க ஆவியாக ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த 1 கிலோ பெட்ரோலோடு கலக்கும் காற்று சுமார் 15 கிலோ. 1 கிலோ காற்று 1 டிகிரி குளிர்ந்தால் கிடைப்பது சுமார் 1 கிலோஜூல். ஆக, 350 கிலோஜூலையும் அந்த 15 கிலோ காற்றே கொடுக்க வேண்டியிருந்தால், காற்று 23 டிகிரி குளிர்ந்தாக வேண்டும். உண்மையில் பெட்ரோல் முழுவதும் கார்புரேட்டரிலேயே ஆவியாவதில்லை, ஒரு பகுதி துளியாகவே உள்ளே போகிறது. பாதி ஆவியானாலே 11, 12 டிகிரி போய்விடும். குறுகலிலும் த்ராட்டில் இடுக்கிலும் அழுத்தம் குறைவதால் வரும் குளிர்ச்சி இதோடு சேரும், ஆனால் பெரும்பங்கு பெட்ரோல் ஆவியாவதால்தான். 4 டிகிரியில் நுழைந்த காற்று தகட்டை அடையும்போது உறைநிலைக்கு நன்றாகக் கீழே இருப்பது இதனால்தான்.

அடுத்தது ஈரம். இதிலும் எண்ணைப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். 10 டிகிரியில் ஈரம் நிறைந்த 1 கன மீட்டர் காற்றில் சுமார் 9.4 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 0 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது தாங்குவது 4.8 கிராம்தான். மீதி 4.6 கிராம் எங்காவது படிந்தே ஆக வேண்டும். 8என்னின் எஞ்சின் கிட்டத்தட்ட 2 லிட்டர், நான்கு ஸ்ட்ரோக், அதாவது இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் சிலிண்டர்கள் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும்போது, லேசான வேலையில் பாதி நிரம்புகிறது என்று வைத்தால், நிமிடத்துக்கு முக்கால் கன மீட்டர் காற்றை இழுக்கும். அதாவது நிமிடத்துக்கு மூன்றரை கிராம் தண்ணீர், கால் மணி நேரத்தில் 50 கிராம், அரை டீ கிளாஸ். இதில் பெரும்பகுதி காற்றோடு எஞ்சினுக்குள் அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் தகட்டின் விளிம்புக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கை அடைக்கச் சில கிராம் போதும். ஐடிலில், அதாவது சுமையில்லாமல் மெதுவாக ஓடும்போது, பெட்ரோல் தரும் ஊசித்துளையும் அந்த விளிம்பை ஒட்டியே இருக்கிறது. அதை மூட ஒரு கிராமே அதிகம்.

கடும்குளிரை விட ஈரக்குளிர் மோசம்

புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பனி என்றால் கடும்குளிர் நாளில்தானே வரும் என்று நினைப்பார்கள். அயோவாவில் ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி போகும் நாளில் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது. அந்தக் குளிரில் 1 கன மீட்டர் காற்றில் இருக்கும் நீராவியே சுமார் 1 கிராம்தான். படிய ஈரமே இல்லை. அது தவிர, அந்தக் குளிரில் பெட்ரோலும் சுலபமாக ஆவியாகாது.

ஆபத்தான நாள் என்பது உறைநிலையை ஒட்டி மேலும் கீழுமாக, ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும் நாள். மூடுபனிக் காலை, மழை விட்ட மாலை, பனி உருகும் நாள், இவையெல்லாம் அதில் சேர்த்தி. அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குச் சொல்வது: வெப்பநிலை 21 டிகிரிக்குக் கீழும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். 38 டிகிரி வெயிலிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும்கூட இது வரலாம் என்றும் அவர்கள் கையேடு சொல்கிறது. ஆகாயத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதால் இந்த விஷயத்தை மற்ற எல்லோரையும் விட நுணுக்கமாகக் கவனித்தவர்கள் விமானிகள்தான்.

செஸ்னா 150 போன்ற சிறு விமானங்களில் இதற்கென்றே ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்தால் வெளிக்காற்றுக்குப் பதிலாக புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி வந்த சூடான காற்று கார்புரேட்டருக்குப் போகும். பனி இருந்திருந்தால் முதலில் எஞ்சின் வேகம் இன்னும் குறையும், சில சமயம் முரட்டுத்தனமாக உதறும். சூடான காற்று லேசானது, அதோடு உருகின தண்ணீரும் உள்ளே போகிறது. பிறகு வேகம் படிப்படியாக ஏறி, பழைய இடத்தையும் தாண்டும். முதலில் வேகம் குறைவதைப் பார்த்துப் பயந்து குமிழை மறுபடி உள்ளே தள்ளிவிடக் கூடாது என்று பயிற்சியின்போதே சொல்லித்தருவார்கள். இந்தக் குமிழ் டிராக்டரில் இல்லை. ஆனால் டிராக்டரில் இன்னொன்று இருக்கிறது, அது நோயை மறைத்துவிடுகிறது.

அதுதான் கவர்னர். டிராக்டரில் நாம் கைப்பிடியால் வைப்பது வேகத்தை. த்ராட்டிலை நேராகத் திறந்து மூடுவது கவர்னர். கலப்பை இறுகி வேகம் குறைந்தால் அதுவாகத் த்ராட்டிலைத் திறக்கும், இலகுவானால் மூடும். இப்போது பனி படியத் தொடங்குகிறது, காற்று குறைகிறது, வேகம் கொஞ்சம் இறங்குகிறது. உடனே கவர்னர் தகட்டை இன்னும் கொஞ்சம் திறந்து சரிசெய்துவிடுகிறது. ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பனி இன்னும் படிகிறது, கவர்னர் இன்னும் திறக்கிறது. ஒரு கட்டத்தில் ஒரு துண்டு உடைந்து உள்ளே போகும், எஞ்சின் குப்பென்று வேகமெடுக்கும், கவர்னர் பதறி மூடும், மூடியதும் மறுபடி அடைப்பு. விவசாயி கேட்ட அந்த ஏற்ற இறக்கம் இதுதான். இதைக் கேட்டுவிட்டுக் கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றியவர்கள் எத்தனையோ பேர். அதற்கு நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காதுக்கு அது அச்சாகக் கவர்னர் கோளாறு போலவே கேட்கும்.

பழைய காலத்தில் ஏன் இந்தப் பேச்சு குறைவாக இருந்தது

1920, 30-களின் டிராக்டர்கள் பலவும் பெட்ரோலில் ஓட்டுவதற்காகச் செய்தவை அல்ல. மண்ணெண்ணெய் மலிவு. சின்ன டேங்க்கில் இருக்கும் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கோ, டிஸ்டிலேட் என்று அவர்கள் சொன்ன மலிவான எண்ணெய்க்கோ மாற்றிக்கொள்வார்கள். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் உள்ளே போகும் கலவையை எக்ஸாஸ்ட் சூட்டிலேயே வாட்டி எடுக்கும்படி மெனிஃபோல்டை, அதாவது கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாயை, அமைத்தார்கள். 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் இதற்கென்று எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்கும் வேப்பரைசர் இருந்தது. ஜான் டியர் ஏ, பி மாடல்களில் எஞ்சின் குளிர்ந்துவிடாதபடி ரேடியேட்டருக்கு முன்னால் மூடித் திறக்கும் தட்டிகள் வைத்தார்கள். அத்தனை சூட்டில் பனிக்கு இடமேது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பெட்ரோல் டிராக்டர்தான் பரவலானது. 1947 முதல் 1952 வரை வந்த 8என் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் விற்றது. பெட்ரோலுக்கு அத்தனை சூடு தேவையில்லை. சூடு கூடினால் பலம் குறையும் என்பதும் உண்மை. காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி மூன்றரை சதவீதம் குறையும், அதே அளவுக்கு எஞ்சினின் இழுவையும் குறையும். அதனால் மெனிஃபோல்டை முன்னைவிடக் குளிர்ச்சியாக வைக்கத் தொடங்கினார்கள். ஆனாலும் சூட்டை அடியோடு ஒழிக்கவில்லை. 8என்னில் காற்று உள்ளே போகும் மெனிஃபோல்டும் புகை வெளியே வரும் மெனிஃபோல்டும் ஒரே வார்ப்பாக ஒட்டியிருக்கும். கார்புரேட்டர் அந்த வார்ப்பின் அடியிலேயே தொங்குகிறது. அந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் இந்த ஈரக்குளிரை மனதில் வைத்துத்தான் செய்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் இன்றைக்கு ஏன் உறைகிறது? இதற்கு டிராக்டரின் வயதை விட, நடுவில் அதன்மேல் நாம் வைத்த கைதான் காரணம். கோடையில் சூடாகிறது என்று எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் குளிர்காலத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரவே வராது. அந்தக் காலத்து டிராக்டர்கள் இன்றைக்குப் பெரும்பாலும் கடினமாக உழைப்பதும் இல்லை. டிரெய்லர் இழுக்கும், புல் வெட்டும், நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும். சுமை இல்லாத எஞ்சினில் எக்ஸாஸ்ட் சூடும் குறைவு, த்ராட்டில் இடுக்கும் குறுகல். பனிக்கு இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. குளிர்காலத்தில் எஞ்சின் சுலபமாகக் கிளம்ப வேண்டும் என்று சீக்கிரம் ஆவியாகும் பெட்ரோலை விற்கிறார்கள். சீக்கிரம் ஆவியானால் அவ்வளவுக்கவ்வளவு கார்புரேட்டரிலேயே குளிரும். அமெரிக்காவில் இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் 10 சதவீதம் எத்தனால் கலந்ததுதான் கிடைக்கிறது. எத்தனால் ஆவியாக பெட்ரோலைப் போல இரண்டரை மடங்கு வெப்பம் இழுக்கும்.

அது ஐசிங்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது

எஞ்சின் நின்ற அந்த நிமிடமே, வேறு எதையும் தொடுமுன், கார்புரேட்டரைத் தொட்டுப் பாருங்கள். மேல்பாகம் ஐஸ்போலச் சில்லென்றிருந்தால், வெளியே வெள்ளைப் பூச்சு தெரிந்தால், பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. ஆனால் வெளியே பூத்திருக்கும் பனியை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. நன்றாக ஓடுகிற எஞ்சினிலும் வெளியே லேசாகப் பூப்பதுண்டு. எனவே அடுத்த சோதனையையும் செய்துவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் பெட்ரோலை வடிக்க ஒரு டிரெயின் பிளக் இருக்கும். ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டு அதைக் கழற்றுங்கள், எஞ்சின் சூடாக இருக்கிறது என்பதை மறக்காமல். 8என்னில் பெட்ரோல் டேங்க் மேலே இருக்கிறது, பம்ப் கிடையாது, தானாகவே இறங்கி வரும். டப்பாவில் பெட்ரோல் தாரையாக, நிற்காமல் விழுந்தால் வரத்தில் குறையில்லை. சொட்டுச் சொட்டாக வந்தால், அல்லது கொஞ்சம் கொட்டிவிட்டு நின்றால், அடைப்பு மேலே எங்கோ இருக்கிறது. வடிகட்டி வலையில் இருக்கலாம், டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைந்திருக்கலாம், டேங்க்குக்குக் கீழே அழுக்கும் தண்ணீரும் தங்குவதற்காக இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீர் உறைந்திருக்கலாம். அந்தத் தண்ணீர் உறைவதையும் ஐசிங் என்றே பலர் சொல்லிக் குழப்பிக்கொள்கிறார்கள். அது பெட்ரோலுக்குள் புகுந்த தண்ணீர். நாம் பேசுவது காற்றில் வந்த ஈரம். முன்னது கடும்குளிரில் வரும், தானாகச் சீக்கிரம் சரியாகாது.

இன்னொரு ஏமாற்று, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூடானதும் மக்கர் பண்ணுவது. அதுவும் இருபது நிமிடத்தில் எஞ்சினை நிறுத்தும், ஆற விட்டால் கிளம்பும். பிரித்தறிய ஸ்பார்க்கை எஞ்சின் நின்ற உடனேயே பாருங்கள், பத்து நிமிடம் கழித்துப் பார்த்துப் பயனில்லை. கூடவே நாளையும் குறித்து வையுங்கள். காயில் வெயில் நாளில்தான் அதிகம் படுத்தும். ஐசிங் மூடுபனி நாளில் வந்து, அடுத்த நாள் வெயில் அடித்தால் காணாமல் போகும். என்னைக் கேட்டால், கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் ஒரு வாரம் வானிலையைக் குறித்து வைப்பது ஒரு ரிப்பேர் கிட் செலவை மிச்சப்படுத்தும்.

நின்றுபோன எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுற்றி பேட்டரியைக் கொல்ல வேண்டாம். பத்து நிமிடம் சும்மா நின்றாலே போதும். மேலே இருக்கும் மெனிஃபோல்டின் சூடு கீழே இறங்கிப் பனியை உருக்கிவிடும். அவசரம் என்றால் ஒரு துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் கார்புரேட்டரின் மேல் சுற்றலாம். தீப்பந்தம், புளோ டார்ச் எதையும் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. கிண்ணம் நிறையப் பெட்ரோல் நிற்கிறது.

நிரந்தரமாகத் தீர்க்க, இழந்த சூட்டைத் திரும்பக் கொடுத்தால் போதும். சரியான தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். 8என்னில் அது ரேடியேட்டரின் மேல் ஹோஸுக்குள் உட்காரும், மாற்றுவது ஒரு அரைமணி வேலை. பிறகு, அந்தக் காலத்து அமெரிக்க விவசாயிகள் குளிர்காலத்தில் எஞ்சினின் இரு பக்கமும் கான்வாஸ் துணியால் மூடிக் கட்டுவார்கள். ஹீட் ஹவுசர் என்று அதற்குப் பெயர். ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்று பக்கவாட்டில் சிதறாமல் ஓட்டுகிறவரின் கால் பக்கம் வரட்டும் என்பதற்காகச் செய்தது. போகிற வழியில் அது கார்புரேட்டரையும் சூடாக வைத்திருந்தது. கான்வாஸ் இல்லாதவர்கள் ரேடியேட்டரின் முன் பாதிக்கு ஒரு அட்டையைச் சொருகுவார்கள். பாதிதான், முழுக்க மூடினால் எஞ்சின் கொதித்துவிடும். வெப்பமானியின் முள்ளில் கண் இருக்கட்டும். டேங்க்கில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றுபவர்களும் உண்டு. படியும் தண்ணீரோடு கலந்து அதைச் சீக்கிரம் உறைய விடாது. சூடு கொடுக்க வழியில்லாதபோது அது ஒரு கைகொடுப்பு, அவ்வளவுதான்.

வேலை முறையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். கிளப்பியதும் வெளியே ஓட்டிக்கொண்டு போகாமல் நன்றாகச் சூடேற விடுவது, விறகு ஏற்றும் அரைமணி நேரம் ஐடிலில் விட்டுவைக்காமல் அணைத்துவிடுவது, இரண்டும் உதவும்.

நம் ஊர் டிராக்டர் மெக்கானிக்குகளிடம் இதைக் கேட்டால் பெரும்பாலோர் பார்த்ததில்லை என்பார்கள். நம்மிடம் ஓடுபவை டீசல் டிராக்டர்கள். டீசலில் கார்புரேட்டரே கிடையாது. எரிபொருள் நேராக எஞ்சினுக்குள், சூடான காற்றில் பீய்ச்சப்படுகிறது. வழியில் ஆவியாகிக் குளிர இடமில்லை.

அயோவா விவசாயிக்கு வருவோம். மறுநாளும் அதே மூடுபனி, அதே 4 டிகிரி. புதுத் தெர்மோஸ்டாட் வாங்க இன்னும் டவுனுக்குப் போகவில்லை. கொட்டகையில் கிடந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து ரேடியேட்டரின் கீழ்ப்பாதியில் சொருகுகிறார், பழைய தார்ப்பாயைப் பக்கவாட்டில் கட்டுகிறார், பத்து நிமிடம் சூடேற விடுகிறார். வேலியோரம் போய் ஒரு டிரெய்லர் விறகு ஏற்றியதும் தார்ப்பாயைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுப் பார்க்கிறார். கார்புரேட்டர் வியர்த்திருக்கிறது. விரலில் ஈரம் ஒட்டுகிறது, பனி இல்லை. இரண்டாவது நடைக்குக் கிளம்புகிறார்.